பசுந்தாங் தெருவில் அம்மன் என் வாயைத் திறந்தாள்

எனக்குத் தெரிந்த ஒன்றை நான் சொல்லாமல் விட்டதால், போன பங்குனியில் ஒரு மனிதர் சாகக் கிடந்தார். டாக்டரின் அறைக்கும் நான் நின்ற இடத்துக்கும் நாலு எட்டுதான். போய் வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்கவில்லை. அன்றைக்கு அம்மன் மட்டும் இறங்கி வராமல் இருந்திருந்தால், இதை எழுத எனக்கு முகம் இருந்திருக்காது.

அதனால்தான் கோயில் மலரில் எனக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். தமிழில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. என் வீட்டுக்காரர் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினார். மற்ற பிழையெல்லாம் என்னுடையது, அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் செல்வி. யாங்கோன் பசுந்தாங்கில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். காகிதத்தில் என் பெயர் கின் மியா. யாங்கோனில் நம் வீடுகளில் ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும், அதில் தப்பில்லை. ஆனால் நான் அந்தக் காகிதப் பெயருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நர்ஸ் பயிற்சி விடுதியில் இருந்தபோது, என் தலை எண்ணெய் வாசனைக்காக ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு "உங்க ஆளுங்க" என்று சிரித்தாள். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. இருபது வருடம் அதைத் தூக்கிச் சுமந்தேன். அன்றோடு எண்ணெயை விட்டேன். பொட்டு போயிற்று. பர்மாக்காரப் பெண்கள் மாதிரி தனக்காப் பட்டையை அரைத்து அப்பி அப்பிக் கன்னத்தை வெளுப்பாக்கினேன். இந்தக் கிளினிக்கில் சேர்ந்த முதல் வாரம் த்வாண்டேயிலிருந்து ஒரு தமிழ்ப் பாட்டி வந்தார். பர்மீஸ் சரியாக வராது. டாக்டர் என்னைப் பார்த்து, உனக்குத் தமிழ் தெரியுமா, கொஞ்சம் கேட்டுச் சொல் என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் மூக்கையும் முழியையும் பார்த்தால் கண் தெரியாதவர்கூட எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். மறைந்திருக்கிறேன் என்று நம்பியது நான் ஒருத்திதான்.

இப்படிப்பட்டவளுக்கு வேலையில் என்ன நிம்மதி இருக்கும்? டாக்டர் சூ என்னைவிடப் பத்து வயது இளையவர், கெட்டிக்காரி, பேச்சு கம்மி. அவர் "நல்லது" என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படாது. சொல்லாவிட்டால் சோறு இறங்காது. யார் லீவு போட்டாலும் அவர்கள் டியூட்டியை நான் பார்ப்பேன். முடியாது என்று சொன்னால் என்னை வேண்டாம் என்று விடுவார்கள் என்ற பயம். ஒரு ஊசி தவறினால் ஒரு வாரம் என்னையே திட்டிக்கொள்வேன். நோயாளிகளிடம் தேன் மாதிரிப் பேசுகிற வாய், என்னிடம் மட்டும் அப்படி ஒரு விஷமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நல்ல வெயில், கரண்ட் இல்லை, இன்வெர்ட்டரில் ஒரே ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் வாசல் வரை நின்றது. லத்தாவில் சமோசா கடை வைத்திருக்கும் பெருமாள் மாமாவும் அவர் மனைவி ராஜம்மா அக்காவும் வந்தார்கள். அதுவரை அவர்கள் எனக்கு யாரோ. மாமாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. நம் கோயில் தீமிதிக்குக் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை தீக்குழியில் பூ இறங்க வேண்டியவர். நெஞ்சு எரிகிறது, நேற்றுக் காரம் அதிகம் என்று பர்மீஸில் சொன்னார். நான் பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன்.

அப்போது ராஜம்மா அக்கா தமிழில் ஆரம்பித்தார். "எடது கை வெரலு வரைக்கும் இழுக்குதுன்னு காலையில சொன்னியே. வேர்த்து ஊத்துச்சே. அதையும் சொல்லிரு."

"வாய மூடிக்கிட்டு இரு" என்றார் மாமா. "சொன்னா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிப்புடுவாங்க. காப்பு கட்டுனவன் அங்க போயி படுத்துக் கெடக்கவா? நீ ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணிருக்க, ஞாபகம் வச்சுக்க."

அக்கா அடங்கவில்லை. இடது கை, வேர்வை, காலையிலிருந்து என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. நெஞ்செரிச்சல், இடது கை, வேர்வை. முதல் வருடம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும் அது என்னவென்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சீட்டில் "வயிற்று எரிச்சல்" என்று எழுதினேன். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு நர்ஸ்கள் நின்றார்கள். இவருக்குக் கை இழுக்கிறதாம் என்று டாக்டரிடம் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். தமிழ் தெரியாது என்று சொன்ன பொய் நாறிப்போகும். அந்த ஒரு அசிங்கத்துக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமா சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிவிட்டு, வயிற்று மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போனார். ராஜம்மா அக்கா வாசலில் நின்று ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த சீட்டை எடுத்தேன்.

அடுத்த நோயாளிக்கு ஊசி எடுத்தபோது, எந்த மருந்து என்று சீட்டை இரண்டு தடவை பார்த்தும் எனக்கு ஏறவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஆனதில்லை. ஊசியை வைத்துவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அங்கே சாமி படம் எதுவும் கிடையாது. சலைன் பெட்டிகள்தான் இருந்தன. அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று, அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாக, வாய்விட்டுத் தமிழ் பேசினேன்.

"அம்மா, நான் எதுக்கும் லாயக்கில்லாதவ. என்னைய விடு. அந்த மனுஷன நிறுத்தி வையி. என் வாயத் தொறந்து விடு."

அவ்வளவுதான் வேண்டினேன். மந்திரமா, நேர்த்திக்கடனா, ஒன்றும் இல்லை. ஆனால் பக்தர்களே, இதை எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கதவைத் திறந்து வெளியே வந்தவள் அதுவரை இருந்த செல்வி இல்லை. நேரே டாக்டர் அறைக்குப் போனேன். உள்ளே நோயாளி இருந்தார், பொருட்படுத்தவில்லை. "எனக்குத் தமிழ் தெரியும். உங்களிடம் பொய் சொன்னேன். இப்போது போனவருக்கு இடது கை இழுக்கிறது, காலையிலிருந்து வேர்க்கிறது" என்று பர்மீஸில் ஒரே மூச்சில் கொட்டினேன். டாக்டர் சூ நாற்காலியை விட்டு எழுந்தார். போய்க் கூட்டி வா என்றார்.

ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் அவர்கள் இல்லை. வெற்றிலைக் கடைக்காரரிடம் கேட்டேன், பஸ் ஏறிப் போயாச்சு என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கையை நீட்டிக் காட்டினார். தூரத்தில் பெட்ரோல் பங்குக்கு வரிசை நின்ற கார்கள் பாதித் தெருவை அடைத்துக் கிடந்தன. அந்த நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டு நின்றது! அந்த வரிசையை நாம் எல்லோரும் எத்தனை தடவை சபித்திருப்போம். அன்றைக்கு அதை அம்மனே கை போட்டு மறித்த மாதிரி இருந்தது எனக்கு. நிறுத்தி வை என்று நான் கேட்டேன், அவள் நிறுத்தி வைத்திருந்தாள்.

நர்ஸ் சீருடையின் சிவப்பு லுங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, விட்டுவிட்டேன். நான் எட்டிப் பிடிக்கிற நேரம் பஸ் மெல்ல நகர ஆரம்பித்தது. பக்கத் தகரத்தில் படபடவென்று தட்டிக்கொண்டே ஓடினேன். எந்தத் தெருவில் என்னைத் தமிழச்சி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று தலை குனிந்து நடந்தேனோ, அதே தெருவில், டீக்கடை முழுக்கப் பார்க்க, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"மாமா, எறங்குங்க. அது நெஞ்சு வலி மாமா, வயித்து வலி இல்ல. எறங்குங்க."

பஸ் நின்றது. சன்னலில் ராஜம்மா அக்காவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கிளினிக்குக்குக் கூட்டி வந்து ஈசிஜி எடுத்தோம். தாளைப் பார்த்ததும் டாக்டர் சூவின் முகம் மாறியது. மாத்திரை கொடுத்து, டாக்ஸி பிடித்து, என்னையும் ஏற்றி அனுப்பினார். வழி நெடுக மாமாவுக்கு உயிரைப் பற்றிக் கவலை இல்லை, காப்பைப் பற்றித்தான். "யாரும் கழட்டக் கூடாது தாயி." கழற்ற விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசிக் குழாய் வைக்க அவர் வலது கையைப் பிடித்துக் கத்தரியை எடுத்தார்கள். பெரிய இடத்து நர்ஸ்களைக் கண்டாலே ஒடுங்கி நிற்கிறவள் நான். அன்றைக்கு, காப்பு இருக்கட்டும், இடது கையில் நான் போடுகிறேன் என்றேன். விலகி இடம் கொடுத்தார்கள். நரம்பு முதல் தடவையிலேயே கிடைத்தது. அன்று சாயங்காலமே அடைப்பை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் இல்லை என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னார். மாமா பிழைத்துக்கொண்டார்!

ஆனால் என் கணக்கு அதோடு தீரவில்லை. டாக்டர் சூ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, நீ மறைத்தது பெரிய தப்பு, ஓடியது சரி, இரண்டையும் எழுதிப் பதிவு செய்கிறேன் என்றார். பழைய செல்வி என்றால் அந்த இரண்டு நாளில் ராஜினாமாக் கடிதம் எழுதியிருப்பாள். உண்மையில் பாதி எழுதியும் விட்டேன். பிறகு விளக்கு முன்னால் உட்கார்ந்து, அம்மா, அவர் பாராட்டாவிட்டாலும் நான் நிற்க வேண்டும், அதற்கு ஒரு பலம் கொடு என்று கேட்டேன். மறுநாள் சோறு இறங்கியது. சிரிக்காதீர்கள், எனக்கு அது பெரிய விஷயம்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். ராஜம்மா அக்காவை வராந்தாவுக்கு அழைத்து, அவர் காலைத் தொட்டு, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நீங்கள் பேசியது எனக்குப் புரிந்தது, வெட்கத்தில் மறைத்தேன், மாமா போயிருந்தால் அந்தப் பாவம் என்னுடையது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"ஒனக்குப் புரியும்னு தெரிஞ்சுதான்டி பேசுனேன்" என்றார். "டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன செய்வேன்? வாசல்ல நொழையும்போதே அம்மனக் கேட்டேன், உள்ள நம்ம புள்ள யாராவது ஒருத்திய நிறுத்தி வையின்னு. பாத்தா நீ நின்ன. ஒங்கிட்டதான் சத்தமா சொன்னேன். பஸ்ஸுல ஏறியும் கண்ண மூடல. வருவன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

நான் எதைக் கழுவித் துடைத்து மறைக்கப் பார்த்தேனோ, அதைத்தான் ஒரு பெண் வாசலில் நின்று சாமியிடம் கேட்டிருக்கிறாள். நான் வேண்டுவதற்கு முன்னாலேயே ஒருத்தியின் வேண்டுதலுக்குப் பதிலாக அங்கே நின்றிருக்கிறேன். இருபது வருடமாக நான் என்னைக் குப்பை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மன் என்னை ஒரு வேலைக்காக அங்கே நிறுத்தி வைத்திருந்தாள்.

வராந்தா என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அது துக்கத்து அழுகை இல்லை.

இப்போது எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், ஒரேயடியாகத் திருந்திவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தப்பு நடந்தால் வீட்டுக்கு வந்தும் இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் தப்பைச் சரி செய்கிறேன், என்னைத் திட்டுவதில்லை. மூன்றாவது டியூட்டி போடச் சொன்னால் முடியாது என்கிறேன். யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று டாக்டரிடம் கேட்கிறேன். நெற்றியில் சின்னதாகப் பொட்டு, கன்னத்தில் தனக்கா, இரண்டும் பிடித்திருப்பதால் இரண்டும். தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் அந்தப் புது நர்ஸ்களே என்னைத் தேடி ஓடி வருகிறார்கள். ஒருத்தி, "வலிக்குதா" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்கிற அழகுக்கு நோயாளியின் வலி பாதி போய்விடுகிறது.

ஊசி பிடிக்கிறவர்கள், பிரசவம் பார்க்கிறவர்கள், மருந்துக் கடையில் நிற்கிறவர்கள், நம் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் எதற்கும் உதவாதவள் என்று தலையணையை நனைக்கிறவர்களும் உங்களில் இருப்பீர்கள். எனக்குத் தெரியும், நானே அப்படித்தான் இருந்தேன். உங்களுக்காகத்தான் வெட்கத்தை விட்டு இவ்வளவும் எழுதினேன். அழகாக வேண்ட வேண்டாம். நெய் விளக்கு இல்லையென்றாலும் பரவாயில்லை. இருக்கிற இடத்திலேயே நின்று, இருக்கிறபடியே கேளுங்கள். கேட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். இன்றைக்கு உங்கள் வாசலில் நுழைகிற யாரோ ஒருவர், உங்களைத்தான் அம்மனிடம் கேட்டுக்கொண்டே வருவார்.