ஒற்றைக்கால் குருவி

போடி பஜாரில் நோட்டும் பென்சிலும் விற்கிற ஜெபமணியின் மனைவி சாராள் ஊருக்குள் வருகிறாள் என்றால் முதலில் காலியாவது தெருதான். பிள்ளைகள் வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஓடும். பெரிய பெரிய மீசைக்காரர்களுக்குக்கூட வயலில் ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்துவிடும். அவள் ஜில்லா போர்டு உத்தியோகஸ்தி, அம்மை குத்துகிறவள். தோல் பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்து, வட்டத் தகட்டில் பல் வைத்த திருகு ஊசி, ஒரு ஸ்பிரிட் விளக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் வேலைக்குச் சேர்ந்தவள், இரண்டே வருஷத்தில் சாராள் என்ற பெயரைப் பறிகொடுத்து ஊசியம்மா ஆகிவிட்டாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பயப்படுகிறவர்கள் பயப்படட்டும், கையை நீட்டினால் சரி என்பது அவள் கட்சி.

கையை நீட்டுவதில்தான் சிக்கல் வந்தது. இடது புஜத்தில் நான்கு இடத்தில் குத்த வேண்டும். வலது கை அரிவாள் பிடிக்கிற கை. அது வீங்கினால் ஒரு வாரம் கஞ்சிக்குத் திண்டாட்டம். ஆனால் இடது கையில் ஏற்கெனவே ஆள் குடியிருந்தது. சின்னமனூர்ப் பக்கத்துப் பெண்களுக்குத் தோளுக்குக் கீழே தொடங்கி முழங்கை வரைக்கும் மயிலும் தேளும் தேரும் பச்சையாக இறங்கியிருக்கும். அம்மை குத்தின இடம் புண்ணாகி ஆறும்போது நாலணாக் காசு அகலத்துக்குத் தழும்பு விழும். அப்புறம் மயிலுக்குக் கழுத்து இருக்காது.

"நகை நட்டெல்லாம் கழட்டி வச்சுக்கிட்டுத்தான் சுடுகாட்டுக்கு அனுப்புவாக. கூட வாரது இந்தப் பச்சை ஒண்ணுதான். அதுலயும் ஓட்டை போட வந்துட்டீகளா?" என்று கேட்டாள் மார்க்கையன்கோட்டை ராஜாத்தி. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு கதவையும் சாத்தினாள்.

அன்றைக்குப் பதினேழு வீட்டில் இதே பதில். வேறொருத்தியாக இருந்தால் உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிப் போட்டிருப்பாள். சாராள் கணவன் கடைக்குப் போனாள். கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று, எண்ணெய்க் காகிதம் ஒரு கட்டு, ஊதாப் பென்சில் நாலு எடுத்துக்கொண்டாள். மறுவாரம் அதே தெருவில் வந்து நின்றாள். பச்சையின் மேல் எண்ணெய்க் காகிதத்தை வைத்து ஒரு கோடு பிசகாமல் எடுத்து நோட்டில் ஒட்டுவாள். அதற்குப் பிறகுதான் ஊசி. புண் ஆறியதும் பச்சை குத்துகிற சுருளியம்மாள் வந்து, நோட்டைப் பார்த்து, தழும்புக்குக் கீழே அதே மயிலை அதே கழுத்தோடு குத்திக் கொடுப்பாள். இதுதான் ஏற்பாடு.

"காயிதத்துல இருக்கது எப்புடிம்மா கைக்கு வரும்?" என்று ராஜாத்தி இழுத்தாள்.

"கையில இருந்து காயிதத்துக்கு வருதுல்ல? வந்த வழியே திரும்பிப் போகும். நீட்டுங்க கையை."

ராஜாத்தி நீட்டினாள். அந்தக் குரலுக்கு நீட்டாமல் இருப்பது கஷ்டம்.

சுருளியம்மாளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயசில் அம்மை வார்த்துப் பிழைத்தவள், முகமெல்லாம் தழும்பு. மஞ்சளையும் அகத்திக் கீரையையும் துணியில் சுற்றி எரித்துக் கரி எடுத்து, ஊசிக் கட்டோடு ஊர் ஊராகப் போகிறவள். ஊசியம்மாவைத் தன் பிழைப்பில் மண் போட வந்தவளாகத்தான் முதலில் நினைத்தாள். ஒரே கையில் இரண்டாவது தடவையும் வேலை கிடைக்கிறது என்று தெரிந்ததும் அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

படம் மட்டும் எடுத்தால் போதும்தான். சாராளுக்கு அரைகுறை வேலை ஆகாது. எந்த வயசில் குத்தியது, எங்கே, யார் குத்தியது, யார் கையைப் பிடித்துக்கொண்டது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் விசாரணை நடத்தினாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் தேர் குத்திக்கொண்டு, காய்ச்சலோடு மணையில் உட்கார்ந்தவள் நோட்டில் ஏறினாள். ராயப்பன்பட்டியில் சிலுவைக்கு அடியில் தாமரை வைத்திருந்த அக்காள் தங்கை இருவர் ஏறினார்கள். லோயர் கேம்ப்பில் மலையாளம் கலந்து பேசிய ஒருத்தி, ஆறே இல்லாத ஊரில் பிறந்தும் கையில் ஓடம் வைத்திருந்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. 'தெரியவில்லை' என்பதையும் சாராள் எழுதிக்கொண்டாள்.

வீட்டில் ஜெபமணிக்குத்தான் சங்கடம். "சாராளு, சரீரத்துல சித்திரம் குத்தப்படாதுன்னு லேவியராகமத்துல இருக்கு. கோயில்ல ஒரு மாதிரியாப் பேசுறாக."

"குத்துறது அவுக. நான் எழுதத்தான செய்யுறேன்? எழுதப்படாதுன்னு எங்கன இருக்கு, காட்டுங்க."

ஜெபமணி வேதாகமத்தைப் புரட்டப் போகவில்லை. அடுத்த மாசம் பென்சில் தீர்ந்தபோது அவராகவே ஒரு டஜன் எடுத்து வைத்தார்.

இத்தனை பேரை மடக்கிய சாராளால் ஒரே ஒரு ஆளை மடக்க முடியவில்லை. மார்க்கையன்கோட்டை மேலத்தெரு சங்கிலியம்மாள். அறுபது வயசு, பிள்ளை குட்டி கிடையாது, தனியாக நின்று வயல் பார்க்கிறவள். தெருவே அவள் சொல்லைக் கேட்கும். அவள் கையில் ஏழு சுற்றுக் கோட்டை இருந்தது. கோட்டைக்கு நடுவில் ஒரு குருவி. அந்தக் குருவிக்கு ஒரு கால்தான்.

"ஒம்போது வயசுல, வீரபாண்டித் திருவிழாவுல எங்காத்தா பக்கத்துல உக்காந்து குத்த வச்சா. கோட்டை முழுக்கப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். குருவிக்கு ஒரு கால் போட்டதும் தாங்கல, எந்திரிச்சு ஓடிட்டேன். அந்த மிச்சக் கால்லதான் தாயி நான் ஓடுனேன்!" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியம்மாள் தானே சிரிப்பாள். அந்த இன்னொரு காலைப் போட்டுவிடுகிறேன் என்று எத்தனையோ பேர் கேட்டார்களாம். விடவில்லை.

சாராள் படம் எடுக்கக் கையைத் தாராளமாகக் கொடுத்தாள். ஊசி எடுத்ததும் கை முந்தானைக்குள் போய்விட்டது. "நீ வேற எடத்துல அச்சா அப்புடியே போட்டுக் குடுத்தாலும் அது எங்காத்தா பாத்த பச்சை ஆகாது. இந்தா, மோரைக் குடி. பேச்சை விடு." அவள் குத்திக்கொள்ளாததால் அந்தத் தெருவில் பத்தொன்பது பெண்கள் குத்திக்கொள்ளவில்லை. ஐந்து வருஷம் சாராள் போனாள். ஐந்து வருஷமும் சண்டை போட்டாள். ஐந்து வருஷமும் மோர் குடித்துவிட்டுத் திரும்பினாள். வருகிற வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தெம்பாகத்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பினாள்.

முப்பத்தேழு மாசியில் அம்மை இறங்கியது. மேலத்தெருவில் முதலில் வேப்பிலை செருகியது சங்கிலியம்மாள் வீட்டு வாசலில்.

சாராள் அப்போது உத்தமபாளையத்தில் இருந்தாள். நோட்டு சுருளியம்மாளிடம் இருந்தது; மார்க்கையன்கோட்டையில் இரண்டு பேருக்குப் புண் ஆறி, பச்சை குத்த வேண்டியிருந்தது. ஒருமுறை அம்மை வார்த்தவளுக்கு மறுபடி வராது என்பதால் சங்கிலியம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் அவளே உள்ளே போய் வந்தாள். நாலாம் நாள் முத்துகள் கையை மூடிவிட்டன. கோட்டையும் தெரியவில்லை, குருவியும் தெரியவில்லை.

"எங் குருவியக் காணோம். ஊசியம்மா நோட்டுல இருக்கும். கொண்டா, பாக்கணும்" என்று கேட்டாள் சங்கிலியம்மாள்.

அம்மை கண்டவர் வாய் திறந்து ஒன்றைக் கேட்டால், கேட்பது மாரியாத்தா. இளநீரோ பனங்கற்கண்டோ, எது கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். இல்லை என்று சொல்கிற துணிச்சல் அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் கிடையாது. இத்தனை வருஷம் ஊசியம்மாவோடு அலைந்த சுருளியம்மாளுக்கும் கிடையாது. நோட்டைக் கொண்டுபோய்க் குருவி இருந்த பக்கத்தைத் திறந்து நெஞ்சின் மேல் வைத்தாள். நாலு நாள் அது அங்கேயே இருந்தது.

சாராள் வந்து சேர்ந்த அன்று விடியலில் சங்கிலியம்மாள் இறந்துபோயிருந்தாள். அந்தக் கை நோட்டின் மேல் கிடந்தது. சாராளுக்கு முதலில் வந்தது கோபம். சுருளியம்மாள் மேல், கிழவியின் பிடிவாதத்தின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்து தடவை மோர் குடித்துவிட்டு எழுந்து போன தன் மேலேயே. அதற்குப் பிறகுதான் நோட்டு என்ன ஆகும் என்பது உறைத்தது.

அம்மை வீட்டுப் பாய், தலையணை, துணி எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே குழி வெட்டி எரிக்க வேண்டும். வேக வைக்க முடிந்ததை வேக வைக்கலாம், முடியாதது நெருப்புக்கு. சாராளே தெருத்தெருவாகச் சொன்ன விதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராஜாத்தியின் பிள்ளைக்கு அம்மை வார்த்தபோது, அது படுத்திருந்த கூறைச் சேலையைச் சாராள் உருவி எடுத்துக் குழியில் போட்டாள். கொதி நீரில் போட்டால் ஜரிகையும் பட்டும் வீணாகும் என்று ராஜாத்தி வெயிலில் காயவைத்துக்கொள்வதாகக் கெஞ்சினாள். சாராள் அசைந்து கொடுக்கவில்லை.

இன்றைக்குக் குழிக்கரையில் அந்த ராஜாத்தியும் நின்றாள்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஞானசிகாமணி நல்ல மனுஷர். சாராளைத் தனியே கூப்பிட்டு, "மூணு நாள் நல்ல வெயில்ல விரிச்சு வச்சுட்டு எடுத்துக்கங்கம்மா. இருநூத்துச் சொச்சம் கை. இனி எங்க போய்ச் சேர்ப்பீங்க? யாரும் கேட்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ராஜாத்திகூட வாய் திறக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள். ஆனால் அடுத்த அம்மை வீட்டில் பாயைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது?

"தீப்பெட்டி குடுங்க" என்றாள் சாராள்.

எண்ணெய்க் காகிதம் அல்லவா, நொடியில் பிடித்துக்கொண்டது. மயில் போயிற்று, தேர் போயிற்று, ராயப்பன்பட்டித் தாமரை போயிற்று. சாராள் எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். ஊசியம்மாவுக்கும் கண்ணில் தண்ணீர் உண்டு என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவள் சாவடியில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்தபோது, யாரும் கூப்பிடாமலே மேலத்தெருப் பெண்கள் பத்தொன்பது பேரும் வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ராஜாத்தி. அவள் ஏற்கெனவே குத்திக்கொண்டவள். இங்கே அவளுக்கு வேலை இல்லை. இடது கையை நீட்டினாள். தழும்புக்குக் கீழே நோட்டைப் பார்த்துக் குத்திய மயில், கழுத்தோடு இருந்தது.

"எடுங்க காயிதத்தை. எம் மயிலை மொதல்ல எழுதுங்க."

சாராள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"வந்த வழியே திரும்பிப் போகும்னு நீகதான சொன்னீக? இப்பத் திரும்பி வருது. எடுங்க."

அங்கே தொடங்கி இரண்டு வருஷம் ஆனது. சாராளும் சுருளியம்மாளும் போன வழியெல்லாம் மறுபடி போனார்கள். எஸ்டேட் வேலைக்கு மலையேறிப் போனவர்களை மலையேறியே பிடித்தார்கள். செத்துப்போன சிலருடைய பச்சையை, நோட்டு இருந்த காலத்திலேயே ஆசைப்பட்டுக் கேட்டுக் குத்திக்கொண்ட மகள்களின் கையில் கண்டுபிடித்தார்கள். ஓடக்காரி அகப்படவே இல்லை. அவளுக்கான பக்கத்தில் அவள் பேரையும் ஓடம் என்ற சொல்லையும் மட்டும் எழுதி, படத்துக்குச் சாராள் இடம் விட்டாள். புது நோட்டில் நூற்றுத் தொண்ணூற்றொரு கைகள் ஏறின.

சங்கிலியம்மாள் கை ஏறவில்லை. அவள் ஊசி போட்டுக்கொள்ளாததால் அவள் பச்சை எந்தக் கைக்கும் திரும்பிப் போகவில்லை. மகளும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டையைச் சுற்றிச் சுற்றி ஊதாப் பென்சிலை ஓட்டியவள் சாராள். நாலு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பிடித்தவள் சுருளியம்மாள். போடியில் கடைக்குப் பின்கட்டில் இருவரும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, வாசல் எந்தப் பக்கம், மூன்றாவது சுற்று எங்கே மடங்கும் என்று அடித்துப் பிடித்துச் சண்டை போட்டு, கடைசியில் படத்தைச் சரி செய்தார்கள்.

சாராள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். காகிதம் எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

சுருளியம்மாள் பதறிப்போனாள். "எம்மா, நீக வேதக்காரக. கோயில்ல சேத்துக்குவாகளா?"

"அதை நான் பேசிக்கிறேன். நீ கரியைக் குழை."

ஜெபமணி பின்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "இனி முழுக்கை ரவிக்கைதான் தைக்கணும்" என்றார் மெதுவாக.

"எதுக்கு? மூடி வைக்கவா குத்துறேன்?"

ஏழு சுற்றும் முடிந்தது. சாராள் முகத்தைச் சுளித்தாளே தவிர கையை இம்மியும் அசைக்கவில்லை. எத்தனை பேருக்கு 'அசையாதீங்க' என்று சொன்ன வாய். குருவிக்கு உடம்பும் வாலும் வந்து, ஒரு காலும் வந்தது. சுருளியம்மாள் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒங்க கைதான் கல்லு மாதிரி இருக்கே. இன்னொரு காலையும் போட்டுரவா?"

"வேணாம்" என்றாள் சாராள். "அந்தக் கால்லதான் சங்கிலியாத்தா ஓடுனாக."