லண்டனுக்கு வந்தவர்கள்

எண்பதுகளின் கடைசியில், லண்டனில் எங்கள் ஊரவர்கள் நடத்திய தமிழ்ப் பள்ளியின் பேச்சுப் போட்டிக்கு என் தங்கை தானாகவே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்தாள்: அமெரிக்கக் குடியேறிகளின் விடுதலைப் போர். ஆங்கிலப் பள்ளியில் அப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருடம் பாதியில் மறந்துபோய், மேடையிலிருந்து அழுதபடி இறங்கியவள். இந்த முறை முழுவதையும் சொல்லி முடித்தால் போதும், கிண்ணம்கூட வேண்டாம் என்றாள்.

உரையை நான் எழுதினேன். நான் மின்பொறியியல் படித்தவள். ஒரு இயந்திரம் ஏன் நின்றது என்று காரணங்களை வரிசைப்படுத்துவதுபோலவே அந்தக் குடியேறிகள் பட்ட பாட்டையும் வரிசைப்படுத்தினேன். வெடிமருந்து போதவில்லை. பனியில் நடக்கச் சப்பாத்து இல்லை. அறுவடை வந்தால் படையினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அச்சடித்த காசுக்கு மதிப்பில்லை. கடைசிப் பந்தி அந்தக் குடியேறிகளின் அயலவர்களைப் பற்றியது. அவர்களில் பலர் அந்தப் போரை விரும்பவில்லை. போரிட்டவர்கள் அவர்களில் சிலர்மீது தார் ஊற்றினார்கள், வீடுகளைப் பறித்தார்கள். பலர் கப்பலேறினார்கள். சிலர் லண்டனுக்கு வந்தார்கள்.

போட்டி தெற்கு லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தில் நடந்தது. தொடங்குவதற்குச் சற்று முன் பள்ளிச் செயலாளர் நாங்கள் முன்கூட்டியே கொடுத்திருந்த உரைத் தாளோடு வெளியே வந்தார்.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான், அங்கிள்."

"ஓ, எஞ்சினியர் அம்மாவோ! கடைசிப் பந்தியை எடுத்துவிடுங்கோ."

"ஏன்? நடந்ததுதானே."

"எங்கை நடந்தது?"

"அமெரிக்காவிலை."

"உள்ளுக்கை இருக்கிறவை அமெரிக்கா எண்டே கேட்பினம்? சண்டைக்குப் பயந்து லண்டனுக்கு ஓடிவந்தவை எண்டு தங்களைத்தான் சொல்லுறியள் எண்டு நினைப்பினம். அங்கை ஊரிலை பெடியள் போராடிச் சாகிறாங்கள். நீங்கள் இங்கை இருந்துகொண்டு நக்கல் விடுறியள்."

அவரும் இங்கேதான் இருந்தார், இரண்டு தெரு தள்ளி. எழுதும்போது எங்களைப் பற்றிய நினைப்பே எனக்கு இருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு தாளைத் திரும்ப வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்ற மனம் வரவில்லை.

தங்கையிடம் கேட்டேன். "கடைசிப் பந்தியை விடட்டுமாம். ஏலுமே?"

"ஏலாது அக்கா. முடிவில்லாமல் எப்பிடி முடிக்கிறது?"

மேடையில் அவள் குரல் தெளிவாக இருந்தது. வெடிமருந்து போதவில்லை என்றபோது முன்வரிசையில் ஒருவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். சப்பாத்தில்லாத படைக்குக் கைதட்டல் கிடைத்தது. சபை எந்தப் படையை நினைத்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அயலவர்கள் போரை விரும்பவில்லை என்றபோது கைதட்டல் நின்றது. தார் ஊற்றியதைச் சொன்னாள். செயலாளர் மணியை அடித்தார். அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"காணும், இறங்கட்டும்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆற்றை பிள்ளை இது? தேப்பன் எந்தப் பக்கமாம்?" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள்.

தங்கை நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் மூச்சை இழுத்து, அந்தப் பந்தியை முதலிலிருந்து தொடங்கினாள். செயலாளர் மறுபடியும் மணியை அடித்தார். அவள் மணிக்கு மேலாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். பலர் கப்பலேறினார்கள். சிலர் லண்டனுக்கு வந்தார்கள். நன்றி, வணக்கம்.

ஒருவரும் கைதட்டவில்லை. நானும் தட்டவில்லை. அம்மா ஏற்கெனவே கோட்டுகளை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

பஸ் நிறுத்தத்தில் அம்மா என்மீதுதான் பாய்ந்தார். "இனி ஆற்றை முகத்திலையடி முழிக்கிறது? எழுத உனக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையே?"

தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, எங்கையாவது விட்டனானோ?"

"இல்லை."

"ஒரு சொல்லும்?"

"ஒரு சொல்லும் விடேல்லை."

அம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல் அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.