நூறு கோடியில் ஒரு பங்கு

சிக்னலில் சிவப்பு விழுந்ததும் ஜெயலீலா தலையிலிருந்து ஒரு முடியைச் சுண்டி இழுத்து, காரின் முன்கண்ணாடிக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "எம்பதாயிரம்," என்கிறார். பச்சை விழுகிறது. முடியைக் காப்பிக் கோப்பை வைக்கும் குழியில் போட்டுவிட்டு வண்டியை எடுக்கிறார். நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அடுக்ககத்திலிருந்து பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயிலடி வரைக்கும் ஐந்து சிக்னல்கள். இத்தனை வருடம் கழித்தும் அவர் தலையில் முடி மிஞ்சியிருப்பது கர்த்தரின் கிருபை என்பார் அவர் கணவர் பால்துரை.

எண்பதாயிரம் என்பது முடியின் தடிமன், நானோமீட்டரில். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். அவர் கண்ணால் அளப்பதாக நான் முதலில் நம்பிவிட்டேன். "கண்ணால எப்படித் தம்பி தெரியும்? அது சும்மா ஒரு ஞாபகத்துக்கு. நாம எவ்வளவு பெரிய சைஸ்ல இருக்கோம்னு மனசுக்கு அப்பப்ப சொல்லணும்லா," என்று சிரித்தார்.

ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், தரைக்குக் கீழே இருக்கும் அறையில், எலக்ட்ரான் நுண்ணோக்கியை இயக்குவது அவர் வேலை. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மேல்மாடியிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பின்னால் கைகட்டி நிற்பார்கள். படம் எடுத்துக் கொடுப்பது இவர். அதற்கு முன் நாசரேத் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தார். கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருடம் ஆகிறது. பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது. நடுநடுவே இங்கிலீஷ் வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

நான் நியூவார்க்கில் மென்பொருள் எழுதுகிறவன். என்னிடம் கார் இல்லாத காலத்தில் தொடங்கிய சவாரி இது. கார் வாங்கிய பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. ஒருநாள் நான்கு நிமிடம் தாமதமாக இறங்கி வந்தேன். "இருநூத்தி நாப்பது நானோமீட்டர் லேட்டு," என்றார். விரல்நகம் ஏறத்தாழ ஒரு நொடிக்கு ஒரு நானோமீட்டர் வளர்கிறதாம். அன்றிலிருந்து ரயிலுக்காக நிற்கும்போதெல்லாம் என் விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றும் நடக்காததுபோல்தான் தெரியும். ஆனாலும் உள்ளுக்குள் என்னவோ நிதானமாக நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும்போது, தாமதமாக வரும் ரயில்மேல் கோபம் வருவதில்லை.

கம்பெனியில் குடும்ப நாள் வைத்தபோது, தம்பி என்ற கணக்கில் என்னையும் அழைத்துப் போனார். அவருடைய மகள் ஜாய் கூட வந்தாள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மாம், இட்ஸ் ஜஸ்ட் டாட்ஸ்," வெறும் புள்ளிகள்தானே என்று கேக் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டாள். விளக்கணைத்த அறையில் ஒரு வட்டத் திரை பச்சையாக ஒளிர்ந்தது. அதில் கரும்புள்ளிகள். "ஒவ்வொண்ணும் இருபது நானோமீட்டர். உங்க முடிக்குக் குறுக்கால வரிசையா வச்சா நாலாயிரம் நிக்கும்," என்றார் காதருகே, தூங்குகிற பிள்ளை பக்கத்தில் பேசுகிற குரலில். புள்ளிகள் மெல்ல, மிக மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தன. "மூச்ச மெதுவா விடுங்க. கதவு சாத்தினாக்கூட அதுக்குத் தெரியும்." எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அந்த அறையும், அறைக்கு மேலிருந்த கட்டடமும், கட்டடத்தைச் சுற்றியிருந்த நியூஜெர்சியும் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றிருந்தது. வெளியே வந்தபோது வண்டி நிறுத்தும் இடத்தில் கார்கள் மலை மலையாக நின்றன.

அன்று மேசையில் சிறிய குப்பி ஒன்றில் சிவப்பாக ஏதோ இருந்தது.

"என்னக்கா, சர்பத்தா?"

"தங்கம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மின்னுறதெல்லாம் பொன்னில்லம்பாங்கள்ல? மின்னாம செவப்பா இருந்தாலும் பொன்னுதான். ரொம்பச் சின்னதாக்கிட்டா நெறமே மாறிரும், குணமும் மாறிரும். அதான் நானோ. வேற ஒரு மந்திரமும் இல்ல."

அவருக்கு எல்லாவற்றுக்கும் சமையலறையில் சாட்சி உண்டு. கல்லுப்பு கரைய நேரமாகிறது, தூளுப்பு போட்டவுடன் கரைகிறது. உப்பு அதே உப்புதான், பொடித்ததில் மேற்பரப்பு கூடிவிட்டது. எடிசனில் குஜராத்திக்காரர் கடையில் பலகாரம் செய்ய விற்கிற சேம்பிலையை வாங்கி, கடை வாசலிலேயே அதன்மேல் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். "தாமரை எல மேல தண்ணி மாதிரின்னு சொந்தக்காரங்களச் சொல்லுதோம். ஏன் ஒட்டலன்னு ஒருத்தராவது எலையக் கேட்டோமா? அது மேல கண்ணுக்குத் தெரியாத மேடு மேடா மெழுகு இருக்கு தம்பி. தண்ணிக்குக் கால் வைக்க இடமில்ல." அவர் சொல்லி முடிக்கும்வரை கடைக்குள் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அடுத்தவர் பிழை அவர் கண்ணில் படாமல் போகாது. சபையில் கொடுக்கும் ஞாயிறு அறிக்கையைச் சிவப்பு மையால் திருத்திப் போதகரிடமே திருப்பிக் கொடுப்பார். உணவகப் பலகையில் 'சாம்பர்' என்று இருந்தால் காசாளரிடம் சொல்லாமல் வெளியேற மாட்டார். பிரிட்ஜ்வாட்டரில் தமிழ்ச் சங்கச் செயலாளர் வாஞ்சிநாதனுக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். "தங்க பஸ்பம் வேற என்னம்மா? நம்ம சித்தர்கள் அன்னிக்கே நானோ பண்ணிட்டாங்க. அதையும் உங்க புக்ல ஒரு பேஜ் சேர்த்துடுங்க," என்றார் அவர். "இருக்கலாம் அங்கிள். ஆனா அளந்து பாத்தது யாரு? அளக்காம நான் ஒரு வரி எழுத மாட்டேன்," என்று சங்கக் கூட்டத்தின் நடுவே சொல்லிவிட்டார் இவர்.

புத்தகம் என்றால் முப்பத்திரண்டு பக்கம். தான் வேலை பார்த்த பள்ளியின் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக, சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு வருடம் கையால் எழுதியது. ஊரில் பிச்சுமணி அண்ணாச்சியின் அச்சகத்தில் கண்மணி என்ற பெண் அதைத் தட்டச்சு செய்தாள். "அக்கா, நுண்ணோக்கிக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்று போனில் கேட்டுத்தான் அவள் விரல் அடுத்த எழுத்துக்குப் போகும். வெள்ளை அட்டையில் 'நானோ' என்ற ஒரே சொல், கறுப்பில், பெரிதாக. கூட ஏதாவது போடலாமே என்று வாஞ்சிநாதன் சொன்னதற்கு, பிள்ளைகள் அட்டையைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று மறுத்துவிட்டார். 2007 அக்டோபரில் ஐந்நூறு பிரதிகள் பள்ளிக்குப் போயின. இருபத்தைந்து இங்கே வந்தன. பிரிட்ஜ்வாட்டரில் சனிக்கிழமை வெளியீட்டு விழா.

விழாவுக்கு முந்தின நாள் காலை, இரண்டாவது சிக்னலில் நிற்கும்போது அவருடைய செல்போன் அடித்தது. ஊரில் அப்போது சாயங்காலம். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஜெயலீலாக்கா, நாகமணி பேசுதேன்." அதே பள்ளியில் இப்போது அறிவியல் எடுக்கிற டீச்சர்.

"சொல்லு நாகமணி. புக்கு பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காம என்ன? ஒம்பதாம் வகுப்புல ஒருத்தி தலையில பத்து முடியப் பிடுங்கி, ஸ்கேல்ல நெருக்கி ஒட்டிட்டு வந்து நிக்கா. நீங்க எழுதியிருக்க கணக்குப்படி எட்டு மில்லிமீட்டர் வரணுமாம். ஒரு கோடுகூட வரல. 'டீச்சர், இந்தப் புக்குல சொல்லுதது முடியா, வெளக்கமாத்துக் குச்சியா'ங்கா."

ஜெயலீலா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "எந்தப் பக்கம்?"

"அஞ்சு. ஒரு மீட்டரைப் பத்துக் கோடிப் பங்கு போட்டா, ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்னு இருக்கு. நூறு கோடில்லா வரணும்?"

பச்சை விழுந்திருந்தது. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுத்தார்.

"அதுகூடப் பரவால்லக்கா, பேனாவால திருத்திக்கிடுவோம். அண்ணாச்சி கண்மணியப் பிடிச்சிக்கிட்டாரு. எழுதினவுக அமெரிக்காவுல இதையே வேலையாப் பாக்குதவுக, அவுக தப்பா எழுதுவாகளா, நீதான் அடிக்கையில கோட்ட விட்டுட்டங்காரு. நீங்க எழுதின தாளும் அங்க இல்ல, பழைய பேப்பரோட போயிட்டு. நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாரு. அவ என் பக்கத்துல உக்காந்து அழுதுட்டு இருக்கா. யாரு தப்புன்னு எழுதினவுகளே சொல்லட்டும்ங்காரு. நான் என்னத்தச் சொல்ல?"

"வைய்யி. பாத்துட்டுச் சொல்லுதேன்."

மிச்சம் மூன்று சிக்னல்களிலும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன. வழக்கமாக என்னை ரயிலடி வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர், அன்று உள்ளே திருப்பி ஒரு மரத்தடியில் நிறுத்தினார். பழுத்த இலைகள் கண்ணாடிமேல் ஒவ்வொன்றாக வந்து படிந்தன. பின்சீட்டில் விழாவுக்கான பிரதிகளோடு, அவர் எழுதியதன் ஜெராக்ஸ் கட்டும் இருந்தது. ஐந்தாம் பக்கத்தை எடுத்தார். டீச்சர் கையெழுத்து, முத்து முத்தாக: பத்துக் கோடி.

"மில்லியன்னா பத்து லட்சம்," என்றார், யாருக்கோ சொல்வதுபோல. "அதே ராகத்துல பில்லியன்னா பத்துக் கோடின்னு கை எழுதிட்டு போயிருக்கு. பதினேழு வருஷமா மில்லியன், பில்லியன்னே எண்ணிட்டு இருந்தேன்லா. லட்சமும் கோடியும் கைய விட்டுப் போனது எனக்கே தெரியல தம்பி. ஊர்ல ஆறாம் வகுப்புப் பிள்ள இப்படி எழுதியிருந்தா வெளிய நிப்பாட்டியிருப்பேன்."

சைபர்களோடு பிழைப்பு நடத்துகிற நானும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, பிரமாதம் என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த உறுத்தலோ, நாளைக்கு மேடையில் வாஞ்சிநாதன் முகம் எப்படி மலரும் என்ற நினைப்போ, வாய் முந்திக்கொண்டது.

"விடுங்கக்கா. ஒரிஜினல்தான் அங்க இல்லையே. எப்படியோ நடந்துபோச்சு, அந்தப் பொண்ண மட்டும் வேலையில வெச்சுக்கங்கன்னு அண்ணாச்சிகிட்ட பொதுவா சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் ரயில் வந்தது, நின்றது, போனது.

"கோட்ட விட்டா விட்டதுதான். பொதுவா சொன்னா, அவருக்குச் சந்தேகம் அந்தப் பிள்ள மேலயே நிக்கும்," என்றார் கடைசியில். "அவ ஒவ்வொரு சுழிக்கும் ஒரு போன் போட்டவ தம்பி. நாந்தான் ஒரு பேச்சு யாரையும் கேக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னிக்கு உங்க ஆபீஸ்ல ஒரு ஸ்கேன் பண்ணித் தாங்க. இந்த அஞ்சாம் பக்கமும், கூட ஒரு அட்டையும். ரெண்டையும் அண்ணாச்சி இமெயிலுக்கு அனுப்பிருங்க. விழாவுல எல்லாருக்கும் நான் நேர்ல சொல்லிக்கிடுதேன்."

"அட்டை எதுக்குக்கா?"

பின்சீட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்து ஸ்டீயரிங்மேல் சாய்த்து வைத்தார். கைப்பையைக் கிளறி, ஆய்வுக்கூடத்தில் பெயர்ச்சீட்டு திருத்துகிற வெள்ளை மையை எடுத்தார். தூரிகையின் நுனியைக் குப்பியின் வாயில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி, 'நானோ' என்ற சொல்லின் கடைசியில் நின்ற துணைக்காலை மட்டும் மேலிருந்து கீழாக அழித்தார். வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன்.

"பொறுங்க, காயல," என்று தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அட்டையில் இப்போது 'நானே' என்று இருந்த சொல்லின்மேல் குனிந்து மெல்ல ஊதினார்.