கேம் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று ரிப்பேருக்கு வருகிறது என்றால், அதற்கு முன்னால் வீட்டில் நாலு பேர் அதை ரிப்பேர் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். ஓடாத சாமானோடு மாரடிக்கும் சக பாவிகளே, திருவனந்தபுரம் சாலை பஜாரில் கடை போட்டிருக்கும் என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஊதிப் பழகியவர்கள்

ஸ்ரீவராகத்திலிருந்து மீனாட்சி என்றொரு பெண் வந்தார். அவருடைய அப்பா கணபதி சாருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை மனுஷர் ஜன்னல் வழியே வீசிவிட்டார். பரணிலிருந்து இந்தப் பெட்டியை இறக்கியதும், "இதுன்னா அமுக்கறேன்" என்றாராம். ஆனால் டிவியில் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கேசட்டை ஊதினீர்களா என்று கேட்டேன். தினமும் மூன்று வேளை ஊதுகிறார்களாம், மருந்து மாதிரி. வாயின் ஈரம் பட்டுத்தான் உள்ளே இருக்கும் உலோகப் பின்களெல்லாம் பச்சைக் களிம்பு பிடிக்கின்றன என்று விளக்கினேன். அவர் அசரவில்லை. "சின்ன வயசுல ஊதி ஊதித்தானே விளையாடினோம், அப்ப ஓடித்தே, இப்ப மட்டும் என்ன ஈரம்?"

பெட்டியின் வாய்

திறந்து பார்த்தேன். பச்சை கொஞ்சம்தான். கேசட் செருகும் வாயில் மஞ்சளாக ஏதோ சிமென்ட் போல இறுகிக் கிடந்தது. முகர்ந்தால் சந்தனம்! போன் போட்டு விசாரித்தேன். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு இதையும் பரணிலிருந்து இறக்கிப் புத்தகங்களோடு அடுக்குவார்களாம். வெளியே வைத்த பொட்டு உதிர்ந்துவிடுகிறதென்று, கணபதி சார் வாய்க்கு உள்ளேயே குழைத்து வைப்பாராம். அப்படி எத்தனை வருஷப் பொட்டோ!

ஸ்பிரிட்டும் காதுக் குச்சியுமாக ஒரு நாள் பூராவும் சுரண்டினேன். பக்கத்து மேஜையில் மொபைல் ரிப்பேர் பார்க்கும் ஷிபு எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, இது கேம் அல்ல, அம்பலமாக்கும், கோயில்! செருப்பு கழட்டி வெச்சிட்டுத் தொறக்கணும்."

குதிக்காத பொம்மை

படம் பளிச்சென்று வந்தது. கடையில் இருக்கும் என் கன்ட்ரோலரைச் செருகி ஓட்டிப் பார்த்துவிட்டு, பெருமையாகக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் மீனாட்சியிடமிருந்து போன். இடது கையால் நடக்கும் பட்டனை அமுக்கினால் பொம்மை நடக்கிறது, வலது கட்டைவிரலால் குதிக்கும் பட்டனை அமுக்கினால் குதிக்க மாட்டேன் என்கிறது. மூன்று நாளும் முயற்சி செய்துவிட்டு, அப்பா எல்லாவற்றையும் தள்ளிவிட்டாராம்.

பெட்டியைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. பழியெல்லாம் விரல்மேல்தான். மீனாட்சியின் குரல் உடைந்தது: "விரல் செத்துப்போச்சு, இனிமே எந்தப் பயிற்சியும் வேண்டாம்னு சுவரைப் பார்த்துப் படுத்துண்டுட்டார்."

என் கட்டைவிரல்

போட்டது போட்டபடி ஸ்ரீவராகத்துக்கு ஓடினேன். கணபதி சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய கன்ட்ரோலரை எடுத்து என் கட்டைவிரலால் அமுக்கினேன். பொம்மை குதிக்கவில்லை. இன்னும் ஓங்கி அமுக்கினேன். ஊஹும்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த வீட்டுக் கன்ட்ரோலரைக் கடையில் நான் சோதிக்கவே இல்லை. வீட்டிலும் வேறு யாரும் அமுக்கிப் பார்க்கவில்லை. பழுது விரலில்தான் என்று அத்தனை பேரும் முடிவு கட்டியிருந்தோம்.

பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. பெட்டியோடு இருந்த இரண்டாவது கன்ட்ரோலரைக் கழற்றினேன். எந்த வீட்டிலும் அது தம்பி தங்கைக்குச் செருகாமலே கொடுத்து ஏமாற்றுவதற்கென்றே இருப்பது, ரப்பர் புதுசாகவே இருக்கும். மாற்றிப் போட்டு அவர் கையில் வைத்தேன். கட்டைவிரல் மெல்ல மெல்ல இறங்கியது. பொம்மை குதித்தது. மீனாட்சி "அப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கணபதி சார் மறுபடி அமுக்கினார், மறுபடி குதித்தது. கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "அப்ப மூணு நாளா என் விரல் அமுக்கிண்டுதான் இருந்துதா?"

அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் ரப்பரைச் சந்தேகப்படுகிறேன், அப்புறம் என்னை, அதற்கும் அப்புறம்தான் மனுஷர்களை.