நான் குடியிருக்கும் தெருவிலேயே

என் வீட்டுக்காரர் சட்டசபை மெம்பர் ஆனதிலிருந்து எங்கள் வலியசாலை வீட்டில் ராச்சாப்பாடு நேரத்துக்கு நடந்ததில்லை. வக்கீல் வாய் சும்மா இருக்குமா? சபையில் பேச வேண்டியதை முதல்நாள் சாயங்காலமே என் முன்னால் பேசிப் பார்ப்பார். நான் சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருப்பேன். “அத்தியட்சர் அவர்களே” என்று என்னைப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். கொப்பரை விலை விழுந்தது, பள்ளிக்கூடச் சம்பளம், பெண் குழந்தைகளின் படிப்பு எல்லாமே என் அரிவாள்மணைக்கு முன்னால் அரங்கேறித்தான் சபைக்குப் போயின. குறை சொல்லவில்லை, நன்றாகவே பேசுவார். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வருஷம் குழந்தைப் பராமரிப்பை எடுத்துக்கொண்டார். வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள சர்க்கார் ஓர் இடம் ஏற்படுத்த வேண்டும் என்பது கோரிக்கை. அவர் பேசிய அன்று நான் சபையில் பெண்கள் காலரியில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்தேன். இங்கிலீஷில்தான் பேசினார், எனக்கும் ஓரளவு புரியும். முதல்நாள் என்னிடம் பேசிக் காட்டாத ஒன்றை நடுவில் சொன்னார்.

“தூரத்தில் எதற்குத் தேட வேண்டும்? நான் குடியிருக்கும் தெருவிலேயே, ஊராருக்குச் சமைத்துப் போட்டுப் பிழைக்கும் ஒரு தாய், தன் குழந்தையைக் கன்றுக்குட்டியைப் போலத் தூணில் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள்.”

சபையில் ஒரே கரகோஷம். தட்டப் போன கையை நான் இழுத்துக்கொண்டேன்.

பெயரைச் சொல்லவில்லைதான். பெயர் எதற்கு? எங்கள் தெருவில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது கடைசி வீடுவரை தெரியும். புருஷன் பம்பாய்க்குப் போய் ஒரு தகவலும் இல்லாமல், நாலு வீட்டில் சமைத்துப் பெண் குழந்தையைக் காப்பாற்றுகிறவள் ஒருத்திதான் இருந்தாள். என் மாமனார் திவசத்துக்குச் சமையலுக்குச் சொல்ல இவரே அவள் இருப்பிடத்துக்குப் போனார். அப்போது பார்த்ததுதான் இது. அவள் குடியிருந்த பின்கட்டில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. அதற்குப் பயந்துதான் பழைய புடவையைக் கிழித்துக் குழந்தையின் இடுப்பில் முடிந்துவிட்டுப் போவாள்.

வண்டியில் வீடு திரும்பும்போதே கேட்டேன்.

“ஏன்னா, அந்தக் கிணத்தையும் சொல்லப்படாதோ?”

“சொன்னா பேச்சு நீண்டுபோகும்டீ. பக்ஷே பாத்தியோ, எல்லாரும் அப்படியே ஸ்தம்பிச்சுப் போயிட்டா!”

மறுநாள் பத்திரிகையிலும் வந்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? ‘பெத்த கொழந்தையைக் கட்டிப் போடறவ கையால சாப்பிடறதா?’ என்று முதலில் ஒரு வீட்டில் அவளை நிறுத்தினார்கள். பிறகு மற்ற வீடுகளிலும். நிறுத்தினவர்களே பரிதாபப்படுகிற சாக்கில் வேடிக்கை பார்க்கவும் போனார்கள். ஸ்ரீவராகம் தெருக்களிலிருந்துகூட மாமிகள் வந்தார்களாம். எந்தத் தூண், எப்படிக் கட்டுவாய் என்று விசாரித்து, கட்டிக் காட்டச் சொன்ன புண்ணியவதிகளும் உண்டு. நான் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. எந்த முகத்தோடு போவது?

கோரிக்கையை சர்க்கார் ஏற்றுக்கொண்டது. பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை ஒதுக்கி, பார்த்துக்கொள்ள ஆயாவும் போட்டார்கள். நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

“முதல் கொழந்தை அவளோடதா இருக்கணும். நீயே போய்ச் சொல்லிட்டு வா” என்றார் இவர். முகத்தில் துளி சங்கடம் இல்லை. அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் அவமானம் பிடுங்கித் தின்றது.

போனேன். அவள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ மாமி, இரிங்கோ” என்று மணையைத் துடைத்துப் போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“மாமா நன்மைக்குத்தான் சொன்னார். சாரமில்லை, போகட்டும். பக்ஷே இனி இங்க யாரு என்னை சமைக்கக் கூப்பிடுவா? செங்கோட்டைல அண்ணா ஆத்துக்குப் போறேன். மன்னி என்ன சொல்லுவாளோ, தெரியலை.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மணையில் உட்காரவும் முடியாமல், கிளம்பவும் தெரியாமல் நின்றேன்.

மூலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை என்னைப் பார்த்ததும் எழுந்தது. கொடியிலிருந்து அந்தப் புடவைக் கிழிசலை இழுத்துத் தன் இடுப்பில் தானே சுற்றிக்கொண்டது. தூணில் முதுகை ஒட்டி நின்று, மறு முனையை என் பக்கம் நீட்டியது.

“கட்டிப் பாக்கறேளா, மாமி?”

“விடுடீ, இந்த மாமி அதுக்கு வரலை” என்றாள் அம்மா.

குழந்தை நம்பவில்லை. முனையை நீட்டியபடியே நின்றது.