பார்லிமெண்டில் தூண்டில் வளைவு

தாம்பரத்தில் படப்பை பஸ்ஸுக்கு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் மீன்காரி மல்லிகா, கூடையை மறந்து செல்போனில் பார்லிமெண்ட் பார்க்கிறாள். கடல் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அலையைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டித் தரச்சொல்லி எம்.பி. இன்றைக்குக் கேட்கிறாராம்.

"இப்ப ஜீரோ ஹவர், ஆயா."

"ஜீரோன்னா ஒண்ணும் தேறாதேடி."

"பேஜார் பண்ணாத. அதுலதான் நம்ம கஷ்டத்த சொல்ல வுடுவாங்களாம்."

சபையில் ஒரே கூச்சல். அந்த மனுஷர் அசரவில்லை; நிதானமாகத் தமிழிலேயே பேசுகிறார்.

"தூண்டில்னதும் டில்லிக்காரன் மீன் புடிக்கன்னு நெனச்சுக்கப் போறான்" என்கிறேன்.

என் பேச்சு கேட்டதுபோல, "தூண்டில் மாதிரி வளைந்த கல் சுவர்" என்று விளக்குகிறார். கெட்டிக்காரர்தான். அடுத்து அவள் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். தன்னையே கூப்பிட்டதுபோல மல்லிகா எழுந்து நிற்கிறாள்.

என் பஸ் போகிறது. போகட்டும்.