நமுனுகுலைக்கு ஒரு காலை

பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பஸீலின் மனைவி ஜெனீரா. கல்யாணமான நாள் முதல் காலைச் சமையலைத் தவறவிட்டவள் அல்ல. பிள்ளை பிறந்த நாட்களை வேண்டுமானால் கழித்துக்கொள்ளலாம். கடைக்கு மேலேயே வீடு. சமையலறையை அடுத்த அறை ஜன்னலில், பழைய பால்மா டின்களில் சிவப்பு ஜெரேனியம் வளர்த்தாள். பூக்களுக்கு அப்பால் தகரக் கூரைகள், அதற்கும் அப்பால் நமுனுகுலை மலை.

மகள் ஸிஹாமா பண்டாரவளையில் வர்ணப் பெட்டி வாங்கித் தந்ததும், ஜெனீரா அந்தக் காட்சியைத்தான் வரைய உட்கார்ந்தாள். எங்கேயும் ஓடிப்போகாத பூக்களை முதலில் வரைந்தாள், இலை இலையாக, ஆசை தீர. கூரைகளும் வந்துவிட்டன. மலைக்கு விட்ட இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. வேலை முடித்து, நண்பகல் லுஹர் தொழுது அவள் தூரிகையைத் தொடும்போது மலை மேகத்துக்குள் போயிருக்கும். காலையில் பளிச்சென்று நிற்கும். அப்போது அவள் இடியப்ப உரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

இதற்குள் எதிரேயிருந்த இரும்புக்கடைக்காரர் மேல்மாடி எழுப்பத் தொடங்கினார். அவர் காணி, அவர் கட்டுகிறார். கோபித்து என்ன செய்ய? ஆனாலும் கல் ஏற ஏற ஜெனீரா ஜன்னலுக்கு வந்து வந்து பார்த்தாள். ஒரு மாலை மேகம் விலகியபோது பார்த்தால், சுவருக்குப் பின்னால் மலையின் அடிவாரத்தையே காணோம். நாளைக்கு முழுதாக மறைந்துவிடும்.

மறுநாள் விடிந்ததும் சமையலறைப் பக்கமே போகாமல் ஜன்னலருகே ஸ்டூலைப் போட்டாள்.

"ஜெனீரா, தேத்தண்ணி எங்க?" என்று வந்த பஸீல் திகைத்துப் போனார். "ஒடம்புக்குச் சரியில்லயா?"

"நல்லாத்தான் இருக்கேன். இன்னைக்குக் கடையில வாங்கிச் சாப்பிடுங்க."

மனிதர் படியிறங்கிப் போனார். திரும்பி வந்து ஒரு பார்சலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறிப் போயிரும்" என்றார். அவள் காதில் எதுவும் விழவில்லை. நீலமும் பச்சையும் குழைத்து மலையின் தோளைச் சந்தோஷமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

மேகம் வருமுன்னே முடித்துவிட்டாள். நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள்: எதிரே இரண்டு பக்கமும் சுவர் ஆளுயரம் ஏறியிருந்தது. அவள் ஜன்னலுக்கு நேரே மட்டும் இடைவெளி. பசறையிலிருந்து வேலைக்கு வரும் மேசன் சின்னராசா, சாந்துக் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு மூங்கில் சாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"ராத்தா, முடிஞ்சிருச்சுங்களா? கல்லு வைக்கலாங்களா?"

ஜெனீராவுக்குக் கண் கலங்கியது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு தரம் மலையைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி ஊத்துறேன் தம்பி. குடிச்சிட்டு வைங்க."

அன்றைக்கு அவள் அடுப்பைப் பற்றவைத்தது அப்போதுதான். தண்ணீர் மெதுவாகவே கொதிக்கட்டும் என்று தீயைக் குறைத்து வைத்தாள்.